நூறு மைலுக்கு அப்பால்

"கேப்டன், அந்தம்மா குரலைக் கேக்கறதுக்குத்தான் நீங்க பிளேனே ஓட்டறீங்களா?"

துணை விமானி எர்லான் வேலைக்குச் சேர்ந்து நாலே நாள். அதற்குள் வாய் நீண்டுவிட்டது. கேப்டன் அவெலினோ ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். கீழே அமேசான் காடு. பின்னால் கொட்டை மூட்டைகள். கம்பெனி விதிப்படி அரை மணிக்கொரு தடவை தகவல் சொன்னால் போதும். கோபிஹா ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அவருக்கு இது ஏழாவது அழைப்பு.

"சாந்தா ஆனா, விமானம் நாப்பத்தேழு பேசறேன். கேக்குதா?"

கரகரப்புக்கு நடுவே, சாந்தா ஆனா விமானத்தளத்து ரேடியோ அறையிலிருந்து ஸுல்மாவின் குரல் வந்தது. "தெளிவா கேக்குது நாப்பத்தேழு. சொல்லுங்க."

உயரத்தைச் சொன்னார், எண்ணெய் இருப்பைச் சொன்னார், அங்கே மேகம் எப்படி என்று விசாரித்தார். தெற்கே கறுத்திருக்கிறது, பார்த்து வாருங்கள் என்றாள் அவள். பார்த்து வாருங்கள் என்று சொல்லும்படி எந்த விதியும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவர் இன்னும் நூறு மைல் சுற்றிக்கொண்டு வருவார்.

எர்லானுக்குப் பொறுக்கவில்லை. ரேடியோ அறை ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; இறங்கினதும் நேரில் போய்ப் பேசிவிட வேண்டியதுதானே என்றான்.

"நேர்ல வராது தம்பி. மூணு வருஷமா பாக்கறேன். கிட்டப் போனா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது."

இந்த ரேடியோவும் அவரைப் போலத்தான். முந்நூறு மைல் தொலைவிலிருந்து பேசினால் குரல் வானத்தில் பட்டுத் திரும்பி அவள் காதில் போய் விழும். நூறு மைலுக்குள் வந்துவிட்டாலோ அவள் தலையைத் தாண்டி எங்கோ போய்விடும். அப்புறம் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்காரனோடு வேறு ரேடியோவில் பேசி இறங்க வேண்டியதுதான்.

அந்த நூறு மைல் எல்லைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நாளைக்கு விமானம் பழுதுபார்க்கப் போகிறது; திரும்ப ஒரு மாதம் ஆகும். ஒரு மாதம் அந்தக் குரல் இல்லாமல் எப்படி இருப்பது? இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆற்றோரத்து மாட்டுப் பண்ணைகள் எல்லாவற்றிலும் இதே அலைவரிசைதான். மாடு, உப்பு, மச்சான் கல்யாணம் என்று காலையிலிருந்து ஓயாத பேச்சு. எல்லோரும் கேட்பார்கள். கேட்டுத் தொலையட்டும்.

"சாந்தா ஆனா..." பொத்தானை அழுத்தியவர் ஒரு கணம் தயங்கினார். "ஸுல்மா. இன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாமா?"

அலைவரிசையே அடங்கிப்போனது. ஒரு பண்ணைக்காரன்கூடக் குறுக்கே பேசவில்லை. இவர்களுக்கு வாயை மூடவும் தெரியுமா என்று எர்லான் வியந்தான்.

"நாப்பத்தேழு... நான்..."

அவ்வளவுதான். வெறும் இரைச்சல். அவெலினோ திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். நூறு மைலுக்குள் வந்தாகிவிட்டது.

இறங்கியபோது ரேடியோ அறை பூட்டிக் கிடந்தது. மூட்டை இறக்க வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எர்லானுக்குப் பாவமாகிவிட்டது.

"விடுங்க கேப்டன். ஊர்ல வேற பொம்பளையா இல்ல?"

அவெலினோ மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பினார். கேட்டிருக்கவே கூடாதோ என்று வழி நெடுக மனசு அடித்துக்கொண்டது.

தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். மாமரத்தடியில் சாப்பாட்டு மேஜை கிடந்தது. உப்புக்கண்டம் போட்ட சோற்றில் ஆவி பறந்தது. எதிரெதிரே இரண்டு தட்டுகள். பக்கத்தில் ஸுல்மா, வேலைக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றாமல், கரண்டியோடு நின்றாள்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு பயந்ததுபோல வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு வருஷம் முந்தி சண்டையில, 'இனிமே இந்த வீட்டுக்குள்ள உன்கூட பேசமாட்டேன்'னுதானே சத்தியம் பண்ணீங்க?" என்றாள் ஸுல்மா, அவருடைய மனைவி. "இது மாமரத்தடி. உக்காந்து பேசுங்க."