நாலு வேளை நல்ல குணம்

"ஏம்மா ஜமுனா, இன்ஸ்டில்னா இன்னா?"

தேசப்பனின் மருமகள் ஜமுனா நர்சரி பள்ளியில் இங்கிலீஷ் எடுப்பவள். இறால் உரித்தபடியே சொன்னாள்.

"நல்ல குணத்தை ஒருத்தர் மனசுல பதிய வெக்கறது மாமா. எங்க புக்குலயே இருக்கு."

தேசப்பனுக்குச் சுருக்கென்றது. நாலு வேட்டியை எடுத்து மஞ்சள் பையில் திணித்தார்.

"நான் சுண்ணாம்புக்குளத்துக்குப் போறேன், என் பொண்ணு வூட்டுக்கு. இனிமே இங்க சோறு துன்ன மாட்டேன்."

"ஐயோ, இன்னா ஆச்சு மாமா?"

"இந்தக் கடைலயே மருந்து வாங்குன்னு சொல்றியே, அத உன் மச்சான் வெச்சிருக்கானான்னு காலைல டாக்டரம்மாவைக் கேட்டேன். கேட்டா தப்பா? இவருக்குத் தினம் நாலு வேளை இன்ஸ்டில் பண்ணுங்கன்னு உன் புருசன்கிட்ட சொல்லுது. அவனும் பூம்பூம் மாடாட்டம் தலையாட்டறான்! நான் பெத்தவன் எனக்கு நல்ல குணம் சொல்லித் தரணுமா? அதுவும் நாலு வேளை?"

"அவர் வரட்டும், நானே கேக்கறேன்" என்று ஜமுனா பையைப் பிடித்துக்கொண்டாள்.

மோகன்குமார் உள்ளே நுழைந்தான்.

"எங்க கெளம்பிட்ட நைனா? வந்து படு, இன்ஸ்டில் பண்ணணும்."

"பண்ணுவடா, பண்ணுவ!"

அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன மருந்துக் குப்பியை எடுத்தான்.

"கண்ணை நல்லாத் தொற. ஒரே சொட்டுதான்."

"கண்ணுல சொட்டு உடறதுக்கும் அதே வார்த்தைதானா?" ஜமுனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிழவர் பையைப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்தார். சொட்டு விழுந்ததும் துள்ளினார்.

"டேய், நல்ல குணம் இந்த எரி எரியுதேடா!"