ஒரே ஒரு மூச்சு

சட்டைக்குள்ளிருந்து இறகை எடுத்தாள். வாத்தின் நெஞ்சில் பிடுங்கியது. தொட்டாலே பறந்துவிடும் போலிருந்தது.

பலிபீடத்தின் மேல் குழந்தை கிடந்தது. ஆண். முந்தாநாள் விடியலில் பிறந்தது. பிறக்கும்போதே மூச்சில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இது அழவில்லை. பால் மட்டும் யாரையும் கேட்காமல் சுரந்து அவள் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

ஆல்ப்ஸ் மலைச்சரிவில் இருந்த இந்தச் சின்னக் கோவிலுக்கு, இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ தாய்மார்கள் வருவார்கள். மாதா சுரூபத்தின் முன்னால் கிடத்துவார்கள். இரண்டு பக்கமும் கனலும் கரிச்சட்டி. உதட்டில் ஓர் இறகு. எல்லாரும் மண்டியிட்டு ஜெபிப்பார்கள். இறகு அசைந்தால் பிள்ளை ஒரு மூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு மூச்சை வைத்து ஞானஸ்நானம் கொடுத்து, பெயர் வைத்து, கோவிலுக்குப் பின்னாலேயே அடக்கம் செய்துவிடுவார்கள். பிள்ளை மோட்சத்துக்குப் போய்விடும்.

இறகு அசையாத பிள்ளைக்கு மோட்சம் இல்லை.

மூத்தவள் வெரேனாவும் செத்துத்தான் பிறந்தாள். கோவிலுக்குப் பின்னால்தான் இருக்கிறாள்.

அன்று அடைமழை. கரி நமுத்துப்போய்ப் புகைந்ததே தவிர, சுடவில்லை. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் இறகு அசைந்தது. அசைந்த அந்த நொடியில் அவளுடைய இடது கன்னத்தில் இளஞ்சூடாக ஏதோ பட்டது. மாதாதான் பக்கத்தில் வந்து நின்றாள். இதை அவள் யாரிடமும் வாதாடியதில்லை. அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் போப்பும் வேண்டாம், சுரூபமும் வேண்டாம் என்ற புதிய பிரசங்கி வந்தார். நகர சபை அவர் பக்கம். பூசை நின்றது. சாமியார் ஊரைவிட்டுப் போனார்.

கரிச் சூட்டில்தான் இறகு அசைந்தது, எல்லாம் ரோமாபுரிக்காரர்களின் பித்தலாட்டம் என்றார் பிரசங்கி. தண்ணீர் படாத பிள்ளைகளையும் கர்த்தர் தம்மிடம் சேர்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. அவள் ஒரு நாளும் அவரை நம்பவில்லை. கரியே சுடாத நாளில் இறகு எப்படி அசைந்ததாம்?

போன அறுவடையின்போது சுரூபத்தைக் கீழே தள்ளினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று உத்தரவு. அவள் கணவன் யோஸ்ட் போனான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். கூட இழுத்தவர்களில் சிலர் அழுதார்கள். சிலர் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டார்கள். அவன் முகத்தில் பயமே இல்லை. ஊரோடு ஒத்துப் போகணும் என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து அவள் அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். பேசவில்லை.

ஆனால் இன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பியபோது அவன் தடுக்கவில்லை. வழியெல்லாம் பனியை மிதித்துப் பாதை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

இப்போது கோவிலில் பாதிக் கூரை இல்லை. மாதா நின்ற இடத்தில் ஆணித் துளைகள். கரி இல்லை. சாமியார் இல்லை.

சாமியார் இல்லாவிட்டால் என்ன? ஆபத்துக்கு யார் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும் என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். கையோடு கொண்டுவந்த தண்ணீர்க் குப்பி பக்கத்தில் இருந்தது. பெயரும் தயார். நிக்லாஸ்.

ஒரே ஒரு மூச்சு. அது வந்துவிட்டால் அக்காவும் தம்பியும் அங்கே ஒன்றாக இருப்பார்கள். வராவிட்டால் என்றைக்கும் இல்லை.

உதட்டின் மேல் இறகை வைத்தாள்.

தன் மூச்சு பட்டுவிடக் கூடாதென்று முக்காட்டை இழுத்து வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டாள். மண்டியிட்டாள்.

யோஸ்ட் அவளுக்குப் பின்னால் வந்து மண்டியிட்டான்.

வெளியே காற்று இல்லை. பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இறகு அப்படியே இருந்தது.

மாதாவே, ஒன்றே ஒன்று. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

இறகு அசைந்தது.

"அசைஞ்சுது! எல்ஸ்பெத், பார்த்தியா? அசைஞ்சுது! ஊத்து, சீக்கிரம் ஊத்து!"

அவள் குப்பியைத் திறக்கவில்லை.

இடது கன்னம் இளஞ்சூடாக இருந்தது. வெங்காய வாசனை அடித்தது. காலையில் அவன் ரொட்டியோடு தின்றது.

வெரேனாவைக் கிடத்திய அன்றும் அவன் இங்கேதான் மண்டியிட்டிருந்தான். அவள் தோளுக்குப் பின்னால். இதே இடது பக்கம்.

திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணில் நீர் நின்றது. அவளுக்காகத்தான் ஊதினான். இரண்டு முறையும் அவளுக்காகத்தான். கயிற்றை இழுத்தபோது அவனுக்கு ஏன் பயம் வரவில்லை என்று இப்போது விளங்கியது. அவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. வெரேனாவும் மூச்சு விட்டதே இல்லை. அவள் இன்றுதான் செத்தது போலிருந்தது.

"ஊத்துடி," என்று கெஞ்சினான்.

அவள் குப்பியை மடியில் செருகிக்கொண்டாள்.

"வேண்டாம், யோஸ்ட். ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் இருக்காங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கடைசியில் அவளும் பிரசங்கியை நம்பிவிட்டாள் என்று நினைத்தான். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான்.

உதட்டிலிருந்து இறகு பறந்துபோனது.