பாலத்துக்குக் கீழ ஈரம்

புகார் புத்தகத்துல ஒரே மாசத்துல பதினோரு புகார். பதினொண்ணும் ஒரே ஆள் மேல. துப்புரவு அக்கா.

"கண்ணாடிப் பாலத்துக்குக் கீழ எப்பப் பாத்தாலும் ஈரம். எப்பப் பாத்தாலும் 'வழுக்கும்'னு மஞ்சள் போர்டு. மனுஷன் நின்னு பாக்க முடியல."

மத்த பத்தும் இதே பாட்டுதான், ராகம் மட்டும் வேற.

புது மேனேஜரம்மா அந்த மியூசியத்துக்கு வந்து பத்து நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள ஆபீஸ்ல சுவர்க் கடிகாரம்கூட அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓட ஆரம்பிச்சுடுச்சு. அப்படி ஒரு கறார்.

மியூசியம் லேசுப்பட்டது இல்ல. பரிசு வாங்கின கட்டடம். ஒரு சுவர்கூட நேரா நிக்காது. கூரை, எழுதிப் பிடிக்காம கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். நடுக்கூடத்துல, ரெண்டு மாடி உயரத்துல, தரை மொத்தமும் கண்ணாடியால ஒரு பாலம். உள்ள மாட்டியிருக்கிற ஓவியத்தப் பாக்க நாலு பேர் வந்தா, பாலத்த போட்டோ எடுக்க நாப்பது பேர் வருவாங்க.

அத முழுசா பாக்கணும்னா சரியா அதுக்குக் கீழ நிக்கணும். நிக்க விட்டாத்தானே. அங்கதான் அக்கா வாளியும் மாப்புமா குடியிருக்காங்க.

மேனேஜரம்மா நேரா அங்கயே போனாங்க. மத்த இடத்த ஒரு நாளைக்கு ரெண்டு தடவ துடைக்கிறவங்க, இங்க மட்டும் ஏன் இருபது தடவன்னு கேட்டாங்க.

அழுக்காயிடுதுன்னு அக்கா சொன்னாங்க.

"யாருமே நிக்காத இடம் எப்படி அழுக்காகும்?"

"அழுக்கு வர்றதுக்கு முன்னாடியே துடைச்சுடறேன்ம்மா."

கிண்டலா, நிஜமான்னு மேனேஜரம்மாவுக்குப் புரியல. அந்த நேரம் பாத்து வருஷ பாஸ்காரர் வந்து சேந்தாரு. வருஷம் பூரா வந்துபோக பாஸ் வாங்கி வெச்சிருக்கிறவர். இஸ்திரி கலையாத சட்டை, கலை கலைன்னு உருகற பேச்சு. பதினோரு புகார்ல ஒம்போது அவரு எழுதினதுதான்.

பாலத்தோட அழகே கீழருந்து பாத்தாத்தான்னு அவரு சொன்னாரு. கலைய இப்படி மறைச்சு வெக்கிறது பாவம்னும் சொன்னாரு. குரல்கூட லேசா தழுதழுத்துது. இவ்வளவு ரசனையான ஆள இத்தனை நாள் வாசலோட நிக்க வெச்சுட்டோமேன்னு மேனேஜரம்மாவுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அக்காவப் பாத்து, தரையக் காய வெச்சு போர்ட எடுக்கச் சொன்னாங்க. இனிமே இங்க ஒரு சொட்டு ஈரம் பாத்தா வேலை இருக்காதுன்னும் சொன்னாங்க.

அக்கா வீட்டுல மூணு பேர் படிக்கிறாங்க. சம்பாதிக்கிறது அக்கா ஒருத்தர்தான். மேனேஜரம்மாவுக்கும் அது தெரியும், அதனாலதான் இந்தக் கடைசி வாய்ப்பு.

அக்கா மாப்பப் பிழிஞ்சாங்க. ஒரு தடவ மேல பாத்தாங்க. மாப்ப சுவத்துல சாய்ச்சு வெச்சாங்க.

"வேற யாரையாவது துடைக்கச் சொல்லுங்கம்மா. என் கையால இது காயாது."

"அப்ப நாளையிலருந்து வராதீங்க."

"சரிம்மா."

அவ்வளவுதான். அழுகை இல்ல, கெஞ்சல் இல்ல. சீருடைய மாத்திட்டு பைய எடுக்கப் போயிட்டாங்க.

மேனேஜரம்மாவும் சளைச்சவங்க இல்ல. மாப்ப எடுத்து அவங்களே தேய்ச்சாங்க. பத்து நிமிஷத்துல தரை பளிச்சுன்னு காஞ்சுது. போர்ட நகத்திட்டு, பெருமையா அந்த இடத்துல போய் நின்னாங்க. பக்கத்துல வருஷ பாஸ்காரர். அவரு போன் ஏற்கனவே கையில ரெடி.

மேனேஜரம்மா தலையத் தூக்கிப் பாத்தாங்க.

மேல ஒரு பொண்ணு பாலத்துல போய்க்கிட்டிருந்தா. கவுன் போட்டிருந்தா. யார்கிட்டயோ போன்ல பேசிச் சிரிச்சுக்கிட்டு, நிதானமா நடந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரிய வாய்ப்பில்ல. மேலருந்து பாத்தா அந்தக் கண்ணாடியில, கூரை ஜன்னல் வழியா விழற வானம்தான் தெரியும்.

கீழருந்து பாத்தா வானத்தத் தவிர எல்லாம் தெரிஞ்சுது.

மேனேஜரம்மா சட்டுன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. பக்கத்துல நின்னவர் குனியல. போன் மேல பாத்து நீண்டிருந்துது.

குனிஞ்ச கண்ணுல தன்னோட ஸ்கர்ட்தான் பட்டுது. ஆபீஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம், கேன்டீன் இந்தப் பக்கம். பத்து நாளா, நாளைக்கு நாலு தடவ.

போன அவங்க பிடுங்கின வேகத்துல வருஷ பாஸ்காரர் சட்டை முதல் தடவையா கலைஞ்சுது. காவலாளி வந்தாரு, பாஸ வாங்கிக்கிட்டாரு, ஆளையும் போனையும் ஆபீஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. பாலத்த மூடச் சொல்லி, மேல விரிக்க கம்பளத்துக்கு ஆள் அனுப்பினாங்க மேனேஜரம்மா. எல்லாம் அஞ்சே நிமிஷம்.

அப்புறம் வாசலுக்கு ஓடினாங்க. அக்கா செருப்பு மாட்டிக்கிட்டிருந்தாங்க. அவங்க தோள்ல தொங்கின பைய மேனேஜரம்மா தன் தோள்ல மாட்டிக்கிட்டாங்க.

"நீங்க எங்கயும் போகல."

பழைய மேனேஜர்கிட்ட சொல்லிப் பாத்தேன்னு அக்கா சொன்னாங்க. பரிசு வாங்கின கட்டடத்துல ஒரு காகிதம்கூட ஒட்டக்கூடாதுன்னு அவரு சொல்லிட்டாராம்.

"சரிக்கா, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வேலை போற நிலைமையிலயும் ஏன் சொல்லல?"

அக்கா செருப்பக் கழட்டினாங்க.

"அந்தாள் முன்னாடி எப்படிம்மா சொல்றது? சொல்லியிருந்தா நடந்த நடையெல்லாம் நெனச்சு, நாளையிலருந்து கூனிக் குறுகி நடப்பீங்க. எதுக்கு? எங்கிட்டதான் வாளி நெறைய தண்ணி இருக்கே."