கண்ணை மூடிக்கொண்டு கியர்

"க்ளட்ச்சைப் பிடி, இல்வா, க்ளட்ச்சைப் பிடி! காபிக்கொட்டையா அரைக்கிறே?"

ஒரெஸ்தே போட்ட சத்தத்தில், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆர்ஜா எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் வெஸ்பா ஸ்கூட்டர் நின்றது. ஸ்டாண்டுக்கு அடியில் செங்கல் கொடுத்திருந்ததால் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. சீட்டில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, இடப்பக்கக் கைப்பிடியை மட்டும் எட்டிப் பிடித்திருந்தாள் இல்வா. கண்கள் இறுக மூடியிருந்தன. அவள் கணவர் ஒரெஸ்தே வண்டிக்கு வலப்பக்கம் நின்று, வழக்கம்போல இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"முதல்ல கண்ணைத் திற. எந்த கியர்னு கைப்பிடியிலேயே எண் போட்டிருக்கு பாரு."

"எனக்குச் சத்தம் போதும். நீ வேகத்தைக் கூட்டு, குறை. நான் மாத்தறேன்."

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் ரோட்டுலயும் போகப் போறியா?"

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இல்வாவின் தம்பி நேதோ, ரொட்டிக்குள் கடலை மாவு அடையை மடித்துத் தின்றபடி நின்றிருந்தான்.

"பாவம்பா அந்த வண்டி. ஏன் அதைப் போட்டுச் சித்திரவதை பண்றீங்க? நான் நல்லா வச்சுக்குவேன், குடுத்துடுங்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு?" என்றாள் இல்வா, கண்ணைத் திறக்காமலே.

குளிர்காலத்திலிருந்து ஒரெஸ்தே அந்த வண்டியில் ஏறவில்லை. கல்யாணமான நாள் முதல் ஞாயிறு தவறாமல் அதில்தான் இருவரும் கடற்கரைச் சாலையில் போய் வந்தார்கள். இப்போதெல்லாம் ஞாயிறு வந்தால் அவர் சன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் இல்வாவுக்கு மனசு பொறுக்கவில்லை. விற்றுத் தொலைக்கிறேன் என்று அவர் நேதோவிடம் சொன்னதும், ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினாள். ஞாயிறு மத்தியானத்துக்குள் அவள் கையால் கியர் மாற்றி வண்டி தெருமுனையைத் தாண்டினால் விற்பனை இல்லை. தாண்டாவிட்டால் நேதோ எடுத்துக்கொள்ளலாம்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன்," என்றார் ஒரெஸ்தே. "நீ எவ்வளவு பிரமாதமா ஓட்டினாலும் சரி, பொண்டாட்டி பின்னாடி உட்கார்ந்து வர்ற ஆள் நானில்லை. அப்புறம் துறைமுகத்துல ஒரு பய என்னை மதிக்க மாட்டான்."

"உன்னை யாரு கூப்பிட்டா? இந்த க்ளட்ச் ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு, அதைச் சொல்லு. விரல் பிய்யுது."

"கேபிள் காய்ஞ்சு கிடக்கு. அந்த நட்டைத் தளர்த்து. அது இல்லைம்மா, அதுக்குக் கீழே! இப்ப உருவு. எண்ணெய் போட்டுத் துடை."

மூக்கில் கிரீஸ் அப்பிக்கொண்டு கேபிளை மாட்டி முடித்தவள், அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏய், அது என் பல் தேய்க்கிற பிரஷ்!"

"உன் பல்லும் இந்த பிளக்கும் ஒண்ணுதான். ரெண்டுலயும் ஒரே புகைக்கரி."

பெட்ரோலில் எண்ணெய் கலக்கும்போது மறுபடி கத்தல். "சாலட்டுக்கு ஊத்தற மாதிரி ஊத்தாதே! அளந்து ஊத்து! அம்பதுக்கு ஒண்ணு!"

கத்திவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று! வண்டி போனால் போகட்டும், இந்தச் சிரிப்பு போதும் என்றுகூட ஒரு கணம் இல்வாவுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கை வந்துவிட்டது. எஞ்சின் லேசாக முனகினால் போதும், அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கியர் வெண்ணெயாக விழுந்தது.

"கெட்டிக்காரிதான்," என்று ஒப்புக்கொண்டார் ஒரெஸ்தே. உடனே முகம் வாடியது. "ஆனா ஆக்ஸிலேட்டரை நீ இன்னும் தொடவே இல்லை. பிரேக்கும் மிதிக்கலை. விடிஞ்சா ஞாயித்துக்கிழமை, இல்வா."

"அதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம்."

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேதோ வந்துவிட்டான். புதுத் தோல் கையுறை வேறு மாட்டியிருந்தான். மாடியில் ஆர்ஜா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

இல்வா தலையில் ஸ்கார்ஃபைக் கட்டினாள். செங்கல்லை அப்புறப்படுத்தி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். ஒரே உதையில் எஞ்சின் கிளம்பியது.

"ஏறு, ஒரெஸ்தே."

"நான்தான் முதல்லயே சொன்னேனே! உன் பின்னாடி உட்கார மாட்டேன்னு."

"பின்னாடி உட்காருன்னு யாரு சொன்னா? முன்னாடி உட்காரு."

ஒரெஸ்தே அவளையே பார்த்தார். பிறகு மெல்ல ஏறி, முன்னால் உட்கார்ந்து, வலது கையால் ஆக்ஸிலேட்டரைப் பிடித்தார். எதிரே இருப்பது எதுவும் தெரியாதபடி மறைத்த அந்த அகன்ற முதுகில் கன்னத்தைப் பதித்து, கண்களை மூடிக்கொண்டாள் இல்வா. துறைமுகத்தில் சரக்கு மேலே சரிந்து விழுந்த நாள் முதல் கோட்டுப் பைக்குள்ளேயே அசைவற்றுக் கிடக்கும் அவருடைய இடது கைக்கு அடியில், தன் இடது கையை நுழைத்து க்ளட்ச்சைப் பிடித்தாள்.

"காபிக்கொட்டை அரைச்சிடாதே," என்றார் ஒரெஸ்தே.

முதல் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.