கட்டிலுக்கடியில் பியர்

நிரோஷன், ஆன்லைனில் வாங்கிய பியர் தயாரிப்புக் கிட்டை வைத்து வாளியில் புளிக்கவைத்த பியரை, சீனி போட்டுப் போத்தல்களில் அடைத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்திருந்தான். அடைக்கும்போது ஏனோ வாளியில் கொஞ்சம் குறைந்திருந்தது. சீனி கூடிப்போனால் போத்தல் வெடிக்குமாம். மனைவி விஜயகலாவோ தேயிலைத் தோட்டத்து மதுஒழிப்புச் சங்கத்தின் செயலாளர்.

"என்னங்க, மொகமெல்லாம் வேர்க்குது?"

"புழுக்கமா இருக்கு."

டமார் என்று ஒரு சத்தம்.

"பூனையா இருக்கும்," என்று உளறியபடி கட்டிலுக்கடியில் குனிந்தான். ஒரு போத்தல்கூட உடையவில்லை.

லயத்து வரிசைவீடுகளின் நடுச்சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, அடுத்த வீட்டுச் சங்கத் தலைவி இருளாயியின் குரல் மெல்ல வந்தது.

"விஜயகலா, ஒன் வீட்டுக்காரரு வாளியிலருந்து எனக்கு மொண்டு குடுத்தியே, அதுக்கு நான் போட்ட சீனி கூடிருச்சு போல."

நிரோஷன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"புழுக்கமாத்தாங்க இருக்கு," என்றாள் அவள்.