மூணரையும் இருபதும்

"மூணரையா? வெறும் மூணரையா?"

செக்ரட்டரி அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். அசோசியேஷன் கூட்டத்தில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"என் சகலை வீட்டுக் கூரைக்குப் போட்டிருக்கிற பலகை பன்னிரண்டு. அந்த எண்ணு ஏற ஏறத்தான் வெயில் உள்ளே இறங்காது. நீங்க மூணரையைக் கொண்டு வந்து நீட்டுறீங்க. அதுக்கு நாலு அட்டைப்பெட்டியைப் பிரிச்சு அடிச்சுடலாம்."

தாளை நீட்டியவர் தரைத்தள வீட்டு அம்மாள். குளிர்பதனக் கிடங்கில் வேலை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பெயர் 'ஐஸ் அம்மா'. முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால்தான்.

விஷயம் இதுதான். மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட அறையில் எங்கள் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. குழந்தை பிறந்து பதினெட்டு நாள். பகலில் அந்த அறை அடுப்பேதான். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, பால்கூடக் குடிக்காமல் வீறிட்டு அழுகிறது.

"கூரைக்கு ஏதாவது பண்ணுங்க சார். இல்லேன்னா வேலையை விட்டுட்டுப் போறதைத் தவிர வேற வழி தெரியல" என்று வாட்ச்மேன் கண் கலங்கிச் சொல்லிவிட்டார்.

தகரத்துக்கு அடியில் சூட்டைத் தடுக்கிற பலகை அடிக்க வேண்டும். அதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்தப் பலகை என்பதில்தான் இழுபறி.

"சார், அந்த எண்ணு எந்தக் கணக்குல போட்டிருக்குன்னு முதல்ல பார்க்கணும். உங்க சகலை வீட்டுப் பலகை..." என்று ஐஸ் அம்மா ஆரம்பித்தார்.

"இங்க என்ன கூட்டம் நடக்குதா, கணக்கு டியூஷன் நடக்குதா?" என்று ஒரு குரல்.

கொல்லென்று சிரித்தார்கள். ஐஸ் அம்மா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். செக்ரட்டரி முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. கையில் ஒரு நோட்டீஸ்.

"காலையில பேப்பரோட வாசல்ல கிடந்துச்சு. நல்லாப் பாருங்க, இருபது! என் சகலை வீட்டை விட எட்டு கூட! நல்ல பொருளை இப்படித்தாங்க தேடிப் பிடிக்கணும்."

வாசலில் கிடந்ததைக் குனிந்து எடுத்ததற்குப் பெயர் தேடிப் பிடித்தது. சரி, போகட்டும். குழந்தைக்கு நல்லது நடந்தால் சரி.

"இருபது எங்கே, மூணரை எங்கே!" என்றேன் நான். எல்லோரும் கை தட்டினார்கள். வாட்ச்மேன் செக்ரட்டரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஐஸ் அம்மா மட்டும் கை தட்டவில்லை.

"எப்ப வரும்?" என்று ஒரே ஒரு கேள்வி.

"நாளைக்கே வந்து அடிச்சுடுவாங்க."

சட்டென்று எழுந்து போய்விட்டார்.

"பார்த்தீங்களா வயித்தெரிச்சலை? பச்சைக் குழந்தை விஷயத்துலகூடத் தான் சொன்னதுதான் நடக்கணும்" என்றேன் பக்கத்து வீட்டுக்காரரிடம். அவரும் ஆமாம் போட்டார்.

மறுநாள் எனக்கு லீவு. பலகை மாடிக்கு ஏறும்போது நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சூட்டைத் தடுக்கிற எண்ணு. மேல் வரியில், அடிக் கணக்கில் 20. கீழ் வரியில், மீட்டர் கணக்கில் 3.5.

"என்னங்க இது, ஒரே பலகைக்கு ரெண்டு எண்ணு?"

"தடுக்கிற சூடு ஒண்ணுதான் சார்" என்றார் பலகை அடிக்க வந்தவர். "மீட்டர் கணக்குல மூணரை. அதை அஞ்சே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியா பெருக்கினா அடிக் கணக்குல இருபது. உங்களை அடியில அளந்தா என்ன, சென்டிமீட்டர்ல அளந்தா என்ன, வளர்ந்தா போயிடுவீங்க? உங்க கீழ்வீட்டு அம்மாவுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அவங்க கிடங்குக்கு நாங்கதான் பலகை போடுறோம். போன வாரம் கடைக்கு வந்து, மீட்டர் கணக்கை எடுத்துட்டு அடிக் கணக்கை மட்டும் போட்டு ஒரு நோட்டீஸ் குடுங்கன்னு வாங்கிட்டுப் போனாங்களே!"

அந்தச் சீட்டை இன்னொரு தடவை படித்தேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. உச்சி வெயிலில் குழந்தை அசந்து தூங்கியது. நான் கீழே இறங்கி வந்தபோது ஐஸ் அம்மா ஷிஃப்டுக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த நோட்டீஸை செக்ரட்டரி வாசல்ல போட்டது நீங்கதானே?"

"அவரே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்னுதான்."

"அவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறார். ரெண்டும் ஒரே பலகைதான்னு நேத்து போட்டு உடைச்சிருக்கலாமே?"

"உடைச்சா அவருக்கு ரோஷம் வந்துடும். அப்புறம் இன்னொரு பலகை, இன்னொரு கூட்டம். அது வரைக்கும் அந்தப் பிஞ்சு வெந்துகிட்டே கிடக்கணுமா?" சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "தூங்குதா?"

"நல்லாத் தூங்குது."

சிரித்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

"முதல் கூட்டத்துலயே நீங்க முழுசாச் சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சமாகியிருக்குமே, ஏம்மா பாதியில நிறுத்துனீங்க?" நான் விடவில்லை.

"யாரோ டியூஷன்னு கேலி பண்ணினாங்க, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. யாருன்னு எனக்கு ஞாபகமில்லை தம்பி."

என் தோளை லேசாகத் தட்டிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

அவருக்கு ஞாபகமில்லையாம். அவருக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்ன எனக்கு, அப்போதுதான் ஞாபகம் வந்தது.