கெலேபியின் தலை

இரண்டாவது சுற்று முடிந்து மணி அடித்தபோது நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மூலையில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் துணைக்கு நின்ற டௌஃபா என் வாயில் தண்ணீர் ஊற்றினான்.

"இன்னும் ஒரே சுத்துதான்டா. முழங்கைய மட்டும் எறக்கியே வச்சுக்கோ. தலையப் பத்திக் கவலப்படாத, உன் தலையில இழக்கறதுக்கு என்ன இருக்கு."

ஜெயித்தால் பசிபிக் குத்துச்சண்டைப் போட்டிக்கு நான் போவேன். தோற்றால் எதிர் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாகா போவான்.

மாகா, கெலேபியின் கடைசி மகன். மூத்தவன் லோபெட்டியும் இரண்டாமவன் பீட்டாவும் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் பயிற்சி கொடுத்தது அப்பன்தான். கெலேபி வீட்டுப் பையனோடு சண்டை என்றால் எங்கள் தொங்காத் தீவுகளில் எவனும் முதலில் விலாவைத் தடவிப் பார்த்துக்கொள்வான். வயிறு, விலா, ஈரல். அங்கேதான் அடிப்பார்கள். ஆக்லாந்திலிருந்து வந்தவர்கள் இது ஒரு தனிப் பாணி என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பாணியாவது மண்ணாவது.

கெலேபி குத்துப்பையை நம்பாதவர். பை திருப்பி அடிக்காது என்பார். கொல்லையில் ரொட்டிப்பலா மரத்தடியில் தானே நின்றுகொண்டு, என்னை அடி என்பார். பையன்கள் நடக்கத் தொடங்கியதிலிருந்து அவரை அடித்துத்தான் பழகினார்கள்.

எங்கள் வழக்கத்தில் பெற்ற பிள்ளை அப்பன் தலையில் கை வைக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூட. அவர் தட்டில் மிச்சம் வைத்த கிழங்கையே தொடாதவர்கள், தலையையா தொடுவார்கள்? அப்பன் உடம்பில் பழகிய கை, தோளுக்கு மேல் எழும்பக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இது ஊர் முழுக்கக் கண்ணெதிரே நடந்த காரியம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அதனால் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். முகத்தைக் கதவு திறந்த வீடு மாதிரி விட்டுவிட்டேன். மாகா அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பாவம், மறுபடி என் வயிற்றைத் தேடினான்.

"மாகா, அவன் மூஞ்சி மேலதான்டா இருக்கு! நான் வேணா வந்து காட்டட்டுமா?" என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி கத்தியிருந்தாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்போது எதிர் மூலையைப் பார்த்தேன். கெலேபி எங்கள் ஊர் மரியாதைப்படி வேட்டிமேல் இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் போல வந்திருந்தார். இடைவேளையில் மகனைத் திட்டுவது அவர் வழக்கம். இன்றைக்குத் திட்டவில்லை. என் முழங்கைகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

புரிந்து என்ன பயன்? தொட்டில் பழக்கத்தை ஒரு நிமிஷத்தில் மாற்ற முடியுமா?

கெலேபி மகனுக்கு முன்னால் மண்டி போட்டார். மாகாவின் வலது கையுறையைப் பிடித்துத் தூக்கினார். தன் நரைத்த தலைமேல் வைத்தார்.

மாகா சுட்டதுபோல் கையை இழுத்தான். அவர் விடவில்லை.

கேலி செய்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். லோபெட்டியும் பீட்டாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அடிடா," என்றார் கெலேபி. "அப்பன்தானே சொல்றேன். அடி."

மாகா அழுதான். அழுதுகொண்டே தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அவர் இன்னும் என்றார். அடுத்ததில் அவர் தலை பின்னால் சாய்ந்து திரும்பியது.

மணி அடித்தது.

நான் கைகளை உயர்த்தியிருக்க வேண்டும். முகத்தை மூட எனக்கு இரண்டு கை இருந்தது. ஆனால் என் கண் மாகாவைத் தாண்டி, கலைந்து கிடந்த அந்த நரைத்த முடியிலேயே நின்றுவிட்டது.

முதல் குத்து மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை.

மல்லாந்து கிடந்தேன். நடுவர் எண்ணி முடித்துவிட்டார். மாகா ஓடி வந்து என் மேல் குனிந்தான்.

"ரொம்ப வலிக்குதா அத்தான்?"

அவன் அப்பா என் அம்மாவுக்குத் தம்பி. எங்கள் தீவில் அக்கா மகன் கேட்டால் மாமன் இல்லை என்று சொல்ல முடியாது. பெற்ற பிள்ளைகளுக்கு உள்ள தடை எதுவும் அவனுக்குக் கிடையாது. கெலேபி மாமாவின் பன்றியைக் கேட்காமலே பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர் தட்டில் கை விட்டுத் தின்றிருக்கிறேன். சின்ன வயதில் அந்த ரொட்டிப்பலா மரத்தடியில் அவர் தோளில் உட்கார்ந்து, அந்தத் தலையில் தாளம் போட்டுக்கொண்டே, அவர் பிள்ளைகள் அவர் வயிற்றில் குத்துவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். மாகா கீழே நின்று என்னை அண்ணாந்து பார்ப்பான்.

"எதுக்குடா இந்த அடிதடி? மாமன்கிட்ட போய்க் கேளு, விட்டுக் குடுத்துடுவான்," என்று காலையில் அம்மா சொன்னாள். குடுத்திருப்பார். எனக்குத்தான் திமிர், ஜெயித்தே எடுத்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வலி பெரிதாக இல்லை. பொறாமைதான் எழுந்திருக்க விடவில்லை.

அந்தத் தலையில் கை வைக்க இத்தனை நாள் நான் ஒருவன்தான் இருந்தேன்.